நலவாழ்வுப் பகுதி: லித்தியமும் சிறுநீரகமும்

சந்தாபுராவிலும் அதனைச் சூழ்ந்த பகுதிகளிலும் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களிலிருந்து இப்பகுதிக்கு வரும் வினாக்கள் பெரும்பாலும் சளி, காய்ச்சல், மூட்டுவலி, சர்க்கரை நோய் ஆகியவற்றைப் பற்றியனவாகவே இருக்கும். மனநோயைப் பற்றி எவரும் எழுதுவதில்லை. அந்நோய் நம்மவர் இல்லங்களில் இல்லை என்பதன்று. அதனை வெளியே சொல்ல நா எழுவதில்லை. ஆதலின், ஒரு தாயார் துணிந்து எழுதிய கடிதத்தைப் பெரிதும் மதித்து இத்திங்கள் எடுத்துக்கொள்கிறோம். அவர் மகன் பன்னிரண்டு ஆண்டுகளாக லித்தியம் மாத்திரை உண்டு வருகிறார். மனம் நிலையாக இருக்கிறது. வேலைக்கும் ஒழுங்காகச் சென்று வருகிறார். அண்மையில் உறவினர் ஒருவர், "அந்த மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும்" என்று சொல்லிப் போனாராம். "மாத்திரையை நிறுத்திவிடலாமா?" என்பது தாயாரின் கேள்வி.

தாமாக நிறுத்தலாகாது. இதனை முதற்கண் சொல்லிவிடுகிறோம். காரணங்களைப் பின்னர் விரிப்போம். உறவினர் சொன்னது முழுப் பொய்யன்று. ஆனால் அவர் பாதியை மட்டுமே சொன்னார். பாதி உண்மையைக் கேட்டு மாத்திரையைத் தூக்கி எறிந்தவர் படும் துன்பம் பெரிது.

லித்தியம் என்பது ஒரு தனிமம். 1817இல் சுவீடன் நாட்டில் ஆர்ப்வெட்சன் என்பார் ஒரு கனிமத்திலிருந்து அதனைக் கண்டறிந்தார். கிரேக்க மொழியில் கல்லைக் குறிக்கும் சொல்லிலிருந்து அதற்குப் பெயர் வந்தது. இன்று ஓசூர்த் தொழிற்சாலைகளில் உருவாகும் மின் ஸ்கூட்டர்களின் பாட்டரியில் இருப்பதும் இத்தனிமமே. நம் இளைஞர் பலர் கையால் எடுத்துப் பூட்டும் பொருளொன்று, வேறு வடிவில், மனத்தையும் நிலைநிறுத்துகின்றது என்பது வியப்பே. லைக்காப், லித்தோசன் முதலிய பெயர்களில் கடையில் கிடைக்கும் மாத்திரையில் உள்ளது லித்தியம் கார்பனேட் என்னும் உப்பு.

இம்மருந்து பெரிதும் பயன்படுவது இருமுனைக் கோளாறு என்னும் மனநோய்க்கு. அந்நோயுற்றார் சில காலம் உறக்கமின்றி, ஓயாப் பேச்சும் பெருஞ்செலவும் கட்டுக்கடங்கா எழுச்சியுமாக இருப்பர். சில காலம் எழுந்து நடக்கவும் மனமின்றித் துயரில் ஆழ்ந்து கிடப்பர். ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட், மனவெழுச்சியுற்ற பத்து நோயாளிகளுக்கு லித்தியம் கொடுத்துப் பெற்ற பயனை 1949இல் வெளியிட்டார். இவர் இரண்டாம் உலகப் போரில் சிங்கப்பூரின் சாங்கி முகாமில் மூன்றாண்டுகளுக்கு மேல் ஜப்பானியரிடம் சிறைப்பட்டிருந்தவர். அவருக்குப் பின்னர் டென்மார்க்கு நாட்டு மோகன்ஸ் ஸ்கௌ முதலியோர் ஆராய்ந்து, வந்த நோயைத் தணிப்பதோடு மீண்டும் வாராமல் தடுக்கவும் லித்தியம் வல்லது என்று நிறுவினர். 1970இல் அமெரிக்க அரசு ஒப்புதல் அளித்தது. தற்கொலை எண்ணத்தால் நேரும் சாவுகளை இம்மருந்து குறைக்கிறது என்றும் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. எழுபது ஆண்டுகளுக்கு மேலாகியும், எத்தனையோ புதிய மருந்துகள் வந்தும், மருத்துவர் இதனைக் கைவிடாமைக்குக் காரணம் இதுவே.

அதே 1949ஆம் ஆண்டு இம்மருந்தின் மறுபக்கத்தையும் உலகம் கண்டது. அமெரிக்காவில் இதய நோயாளிகள் சமையல் உப்புக்கு மாற்றாக லித்தியம் குளோரைடைத் தூவி உண்டனர். உப்பைக் குறைத்த உடலில் லித்தியம் அளவின்றிச் சேர்ந்தது. பலர் நஞ்சுற்றனர், சிலர் உயிரிழந்தனர், அதன் விற்பனை நிறுத்தப்பட்டது. உப்புக் குறைந்தால் லித்தியம் ஏன் கூடுகிறது? இதனை அறிந்தால் மற்றவை எல்லாம் எளிதில் விளங்கும்.

நம் இரு சிறுநீரகங்களும் ஒருநாளில் ஏறத்தாழ 180 லிட்டர் நீரை வடிகட்டுகின்றன. அவ்வளவும் வெளியேறினால் உடல் என்னாவது? வடிந்த நீரில் ஒன்றிரண்டு லிட்டரைத் தவிர ஏனையதை நுண்குழாய்கள் மீண்டும் இரத்தத்திற்கே அனுப்புகின்றன. நீரோடு சோடியம் என்னும் உப்புச் சத்தையும் மீட்டுக்கொள்கின்றன. லித்தியம் சோடியத்தின் உறவு. உறவுக்காரன் சாயலைக் கண்டு வாயிற்காவலன் உள்ளே விடுவதுபோல, நுண்குழாய்களும் லித்தியத்தைச் சோடியம் என்றே எண்ணி ஏற்றுக்கொள்கின்றன. வடிந்த லித்தியத்தில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு இவ்வாறு இரத்தத்திற்குத் திரும்புகிறது. வாந்தியாலோ வயிற்றுப்போக்காலோ வியர்வையாலோ பட்டினியாலோ உடலில் உப்பும் நீரும் குறையும்போது, சிறுநீரகம் உப்பை இறுகப் பற்றிக்கொள்ளும்; லித்தியத்தையும் உடன் பற்றிக்கொள்ளும். நேற்றுவரை மருந்தாக இருந்த அதே அளவு மாத்திரை இன்று நஞ்சாகிறது.

இம்மருந்தால் சிறுநீரகத்திற்கு வரும் கேடு இருவகைப்படும். முதலாவது விரைவில் தோன்றுவது, பலருக்கும் வருவது. நாளெல்லாம் தாகம்; அடிக்கடி சிறுநீர்; இரவில் மூன்று நான்கு முறை எழுந்து செல்லுதல். சிறுநீரில் நீரைச் சேமிக்கும் பணியைச் செய்வன நுண்குழாய்களின் இறுதிப் பகுதியிலுள்ள அணுக்கள். அவற்றின் சோடிய வாயில் வழியே லித்தியம் உட்புகுந்து தங்கிவிடுவதால், நீரை உள்ளிழுக்கும் வாயில்கள் குறைந்துபோகின்றன. நீர் தங்காமல் ஓடுகிறது. இதனைச் சர்க்கரையில்லா நீரிழிவின் ஒருவகை என்பர். நம் வீடுகளில் இக்குறியைக் கண்டதும் சர்க்கரை நோய் என்று அஞ்சிச் சோதிப்பர். சர்க்கரை இல்லை என்றதும் மறந்துவிடுவர். சிலர், "இவ்வளவு நீர் குடிப்பதால்தானே இவ்வளவு சிறுநீர்" என்று சொல்லித் தண்ணீரைத் தடுப்பர். இது மிகத் தவறு. நீர் ஓடுவதால்தான் தாகம் எடுக்கிறது. இத்தகையவர்க்குக் குடிநீரைத் தடுத்தால் உடல் வறண்டு லித்தியம் ஏறும். அறுவை மருத்துவத்திற்காக நீரும் அருந்தாமல் வெறும் வயிற்றோடு கிடத்தப்படும் வேளையில் இவர்கள் நிலை இன்னும் இடர் மிக்கது. அம்மருத்துவரிடம் லித்தியத்தைப் பற்றி முன்கூட்டியே சொல்லியாக வேண்டும்.

இந்த முதல்வகைக் கேட்டைத் தணிக்க வழியுண்டு. அளவைக் குறைத்தல், பகுத்து உண்பதை இரவில் ஒரே வேளையாக மாற்றுதல், லித்தியம் புகும் வாயிலை அடைக்கும் அமிலோரைடு என்னும் மருந்தைச் சேர்த்தல் ஆகியவற்றை மருத்துவர் ஆராய்ந்து முடிவு செய்வர். தொடக்கத்திலேயே கவனித்தால் பெரும்பாலும் சீராகும். "இது மாத்திரையோடு பிறந்தது, பொறுத்துக்கொள்வோம்" என்று பத்தாண்டு பேசாதிருந்தால் நிலையான பழுதாகிவிடக்கூடும்.

இரண்டாவது வகை ஓசையின்றி வருவது. 1977இல் டென்மார்க்கின் ஆர்ஹூஸ் நகர மருத்துவர்கள், லித்தியம் உண்டவர்களின் சிறுநீரகத் திசுவை எடுத்து நோக்கி, அதில் தழும்பேறியிருப்பதை அறிவித்தனர். மருத்துவ உலகில் பேரச்சம் எழுந்தது. அதன்பின் பல நாடுகளில் ஆயிரக்கணக்கானோரைத் தொடர்ந்து கவனித்ததில் அச்சம் ஓரளவு தெளிந்தது, முற்றும் நீங்கவில்லை. சுவீடனில் 2010இல் வெளியான ஆய்வொன்றில், லித்தியம் உண்ட 3,369 பேரில் 18 பேர் டயாலிசிஸோ மாற்றுச் சிறுநீரகமோ வேண்டும் நிலைக்கு வந்திருந்தனர். இருநூறு பேருக்கு ஒருவர் என்று கொள்ளலாம். சிறியதே, எனினும் பொதுமக்களிடையே காண்பதைப்போல் ஏறத்தாழ ஆறு மடங்கு. அதே நாட்டின் கோத்தன்பர்க் நகரில், பத்தாண்டும் அதற்கு மேலும் லித்தியம் உண்ட 630 பேரை ஆராய்ந்து 2015இல் எழுதினர். மூன்றில் ஒரு பங்கினர்க்குச் சிறுநீரகத் திறன் குறைந்த அடையாளம் இருந்தது. கடுமையாகக் குறைந்தவர் நூற்றுக்கு ஐவரே. முற்றிலும் பழுதுற்றோர் எல்லோரும் 1980க்கு முன் லித்தியம் தொடங்கியவர்கள் என்றும் அக்குழுவினர் கண்டனர். அக்காலத்தில் மருந்தின் அளவு மிகுதி. இரத்தச் சோதனைக் கண்காணிப்பும் இன்றைப்போல் இல்லை.

இந்த இறுதிச் செய்திதான் நமக்கு வேண்டியது. சிறுநீரகம் கெடுவது லித்தியத்தால் மட்டுமன்று; கவனிப்பாரற்ற லித்தியத்தால். நெடுங்காலம் உண்டமை, அளவு மிகுந்தமை, இடையிடையே நஞ்சேறியமை, முதுமை, இரத்த அழுத்தம், சர்க்கரை நோய் ஆகியன சேரச் சேரக் கேடு பெருகுகிறது. ஆண்டையும் முதுமையையும் நம்மால் தடுக்க இயலாது. நஞ்சேறாமல் காப்பது பெரும்பாலும் நம் கையில் உளது.

அதற்கு முதல் எதிரி நம் வீட்டு மறைப்பு. ஒரு குடும்பத்தை மனத்தில் வைத்துப் பார்ப்போம். மகன் மனநல மருத்துவரிடம் லித்தியம் பெறுகிறான். அக்கம்பக்கத்தார்க்குத் தெரியாது, வீட்டுக்காரருக்குத் தெரியாது, திருமணம் பேசுமிடத்திலும் சொல்லவில்லை. அதுவரை அவரவர் உரிமை என்று விட்டுவிடலாம். பணியிடத்தில் முதுகு பிடித்துக்கொள்கிறது. தெருமுனை மருந்துக் கடையில் வலிமாத்திரை கேட்கிறான். "வேறு மருந்து ஏதேனும் உண்கிறீர்களா?" என்று கடைக்காரர் கேட்டால் "இல்லை" என்கிறான். புரூஃபென், காம்பிஃப்ளாம், வோவெரான் முதலியவற்றில் உள்ள ஐபுபுரோஃபென், டைக்குளோஃபெனாக் ஆகியன சிறுநீரகம் லித்தியத்தை வெளியேற்றுவதைத் தடுப்பவை. ஒரு கிழமை தொடர்ந்து உண்டால் லித்தியம் ஏறிவிடக்கூடும். இரத்த அழுத்தத்திற்கு வேறொரு மருத்துவரிடம் செல்கிறான், அங்கும் மறைக்கிறான். ராமிப்ரில், எனலாப்ரில், லோசார்ட்டான், டெல்மிசார்ட்டான் ஆகிய மாத்திரைகளும், நீர் பிரிக்கும் தயசைடு வகை மாத்திரைகளும் லித்தியத்தை உடலில் தேக்குவனவே. அம்மருத்துவர் உப்பைக் குறைக்கவும் சொல்கிறார், நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார். ஊறுகாயும் கருவாடும் அப்பளமும் ஒரே நாளில் நிறுத்தப்படுகின்றன. பத்து நாளில் கை நடுங்குகிறது; நடை தள்ளாடுகிறது. வீட்டார், "மனநோய் திரும்பிவிட்டது" என்று எண்ணி மாத்திரையை இன்னும் ஒழுங்காகக் கொடுக்கிறார்கள்!

இது கற்பனைக் குடும்பம். ஆனால் இந்நிலை எந்த வீட்டிலும் நேரத்தக்கது. ஊராரிடம் சொல்ல வேண்டா. நோய் பார்க்கும் ஒவ்வொரு மருத்துவரிடமும், மருந்து விற்பவரிடமும், "லித்தியம் உண்கிறேன்" என்று இரண்டு சொல்லில் சொல்லிவிட்டால் போதும். பல் மருத்துவரிடமும் சொல்ல வேண்டும்; அவரும் வலிமாத்திரை எழுதுபவரே. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளியின் செய்திகளை மறைவாகக் காக்கும் கடமையை மருத்துவர்மேல் வைத்துள்ளது. காய்ச்சலுக்கும் தலைவலிக்கும் டோலோ முதலிய பாராசிட்டமால் மாத்திரைகள் அளவோடு கொள்ளத்தக்கவை. அவை லித்தியத்தை ஏற்றுவதில்லை. சிறுநீர் பிரியவென்றும் கல் கரையவென்றும் விற்கும் நாட்டு மருந்துகளையும் மருத்துவரைக் கேளாமல் தொடங்கலாகாது.

லித்தியம் மிகுந்ததன் குறிகளை வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் மனத்தில் கொள்க. விரல் நுனியில் மெல்லிய நடுக்கம் இம்மருந்து உண்பவர் பலருக்கு இயல்பாகவே உண்டு. கை முழுதும் ஆடும் பெருநடுக்கம், வாந்தி, வயிற்றுப்போக்கு, குழறும் பேச்சு, தள்ளாடும் நடை, மயங்கிய உறக்கம் ஆகியன இயல்பல்ல. அடுத்த வேளை மாத்திரையைக் கொடாமல் உடனே மருத்துவமனைக்கு எடுத்துச் செல்ல வேண்டும். அங்கே லித்தியத்தின் பெயரைச் சொல்ல வேண்டும். மிகுந்துவிட்ட லித்தியத்தை டயாலிசிஸ் மூலம் அகற்ற இயலும். காலம் தாழ்ந்தால் மூளைக்கும் நிலையான ஊறு நேரலாம்.

புலம்பெயர்ந்து வாழும் நமக்கென்றே உரிய இடர் ஒன்றும் உண்டு. நாம் வாழும் இம்மேட்டுநிலம் கடல்மட்டத்திற்கு ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் உளது. வெயில் காலத்திலும் மாலையில் காற்று வரும். ஊர்த் திருவிழாவுக்கென்று சித்திரையிலோ வைகாசியிலோ தருமபுரிக்கும் சேலத்துக்கும் வேலூருக்கும் இறங்குகிறோம். நெருக்கியடித்த பேருந்தில் வழியில் சிறுநீர் கழிக்க இடமிராது என்று பெண்டிர் காலை முதலே நீர் அருந்துவதில்லை. ஊரில் வெயில் பொசுக்கும், விரதம் இருப்போம், காவடி எடுப்போம், காலில் செருப்பின்றிப் பல மைல் நடப்போம். லித்தியம் உண்பவர்க்கு இவையெல்லாம் ஒன்றுகூடும் நாள் தீய நாள். வழிபாட்டை விடுக என்று நாம் சொல்லவில்லை. நீரும் அருந்தாத விரதம் வேண்டா. நெடுநடைக்கு முன் மருத்துவரைக் கேட்டுக்கொள்க. வெயில் நாளில் இரண்டு மூன்று லிட்டர் நீரைப் பகுத்துப் பகுத்து அருந்தலாம்; உப்பிட்ட மோரும் கஞ்சியும் நல்லன. உணவில் உப்பு நாளுக்கு நாள் மாறாமல் ஒரே அளவாக இருத்தல் வேண்டும். உலைக்களத்திலும் வார்ப்படச் சாலையிலும் வியர்த்து உழைப்பவர்க்கும் இதுவே விதி.

காப்பியைப் பற்றியும் ஒரு சொல். காப்பியில் உள்ள காஃபீன் லித்தியத்தைச் சிறிது வெளியேற்றுவது. நாளொன்றுக்கு ஐந்தாறு டம்ளர் குடித்தவர், யாரோ சொன்னார் என்று ஒரே நாளில் நிறுத்தினால் இரத்தத்தில் லித்தியம் உயரும். விடுவதாயின் சிறிது சிறிதாக விடுக. நம்மவர்க்கு இவ்வறிவுரை எளிதில் பயன்படாது என்பதையும் அறிவோம்.

இனி இரத்தச் சோதனை. லித்தியத்தின் அளவை, இறுதியாக மாத்திரை உண்டு 12 மணி நேரம் கழித்து எடுத்த இரத்தத்தில் காண வேண்டும். இரவு ஒன்பதுக்கு உண்டால் காலை ஒன்பதுக்கு. காலையில் உண்ணும் மாத்திரை இருப்பின் அதனை இரத்தம் கொடுத்த பின் உண்க. உண்டுவிட்டுச் சென்றால் எண் பொய்யாக உயர்ந்து தோன்றும். தண்ணீரை நிறுத்த வேண்டா. நெடுங்காலக் காப்புக்கு லிட்டருக்கு 0.6 முதல் 0.8 மில்லிமோல் வரை பெரும்பாலும் போதும், கடும் எழுச்சியின்போது சிறிது மிகுதியாக வைப்பர், 1.5க்கு மேற்பட்டால் நஞ்சென்று அஞ்ச வேண்டும். நெடுநாள் உண்பவர்க்கு அதற்குக் குறைந்த அளவிலும் நஞ்சின் குறிகள் தோன்றுவதுண்டு. ஆதலின் எண்ணை மட்டும் பாராமல் ஆளையும் பார்க்க வேண்டும். பச்சை மூடியிட்ட இரத்தக் குழாய்களில் ஒருவகை, லித்தியம் ஹெப்பரின் பூசப்பட்டது. அதில் இரத்தம் எடுத்தால் குழாயிலுள்ள லித்தியமும் சேர்ந்து கணக்காகும். திடீரென்று வியப்பூட்டும் எண் வந்தால், உடலில் குறிகள் இல்லாதவிடத்து, இதனையும் கேட்டறிக.

லித்தியத்தின் அளவைத் தொடக்கத்தில் அடிக்கடியும், பின் மூன்று முதல் ஆறு திங்களுக்கு ஒருமுறையும் காண்பர். சிறுநீரகத்தை அறியக் கிரியேட்டினின் என்னும் சோதனை. அதைக்கொண்டு வயதும் பாலும் கணக்கிட்டு வடிதிறன் எண்ணை அறிவிப்பர். ஆறு திங்களுக்கு ஒருமுறையேனும் இது வேண்டும். தைராய்டையும் சுண்ணாம்புச் சத்தையும் உடன் சோதிப்பது வழக்கம். லித்தியம் அவற்றையும் தொடுவது.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. நம் இல்லங்களில் பலரும் தவறவிடுவது. சோதனைத் தாளில் எண்ணுக்கு அருகே "இயல்பு எல்லை" என்று அச்சிட்டிருப்பர். எல்லைக்குள் இருந்தால் தாளை மடித்து வைத்துவிடுகிறோம். ஐந்தாண்டுக்கு முன் 0.7 இருந்த கிரியேட்டினின் இன்று 1.1 ஆனால், அதுவும் எல்லைக்குள் இருக்கலாம். ஆனால் அந்த உயர்வு, வடிகட்டும் திறனில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டதைக் காட்டலாம். மெலிந்த உடலினரிடத்தும் பெண்டிரிடத்தும் இவ்வெண் எளிதில் ஏமாற்றும். ஓர் எண் ஒன்றும் சொல்லாது. எண்களின் வரிசையே சொல்லும். நம் குடும்பங்களோ கிருஷ்ணகிரியில் ஒரு மருத்துவமனை, ஓசூரில் ஒன்று, இங்கே ஒன்று என்று மாறி மாறிச் செல்பவை. வாடகை வீடு மாறும்போது பழைய தாள்கள் குப்பைக்குப் போகின்றன. இருபது ரூபாய்க் குறிப்பேடு ஒன்று வாங்குக. நாள், மாத்திரையின் அளவு, லித்தியம், கிரியேட்டினின், வடிதிறன், இரத்த அழுத்தம் ஆகியவற்றை வரிசையாக எழுதி, எந்த மருத்துவரிடம் போனாலும் அதனை முதலில் நீட்டுக. ஆயிரம் ரூபாய்ச் சோதனை தராத அறிவை இக்குறிப்பேடு தரும்.

சரி, எண் இறங்கத் தொடங்கிவிட்டது, என் செய்வது? தாயார் கேட்ட கேள்வி கடுமையாவது இங்கேதான். லித்தியத்தைத் திடீரென நிறுத்தினால் சில திங்களில் நோய் சீறி எழுவதுண்டு. தற்கொலை எண்ணமும் மிகுவதுண்டு. நிறுத்தாமலிருந்தால் சிறுநீரகம் மேலும் குன்றலாம். நிறுத்தினாலும், பழுது ஓரளவு முற்றிய பின் எல்லாம் மீள்வதில்லை. இரண்டும் ஒரே மனிதனின் உடைமை. ஒன்றைக் காக்க மற்றொன்றை வீசி எறிய இயலாது. அமெரிக்க எழுத்தாளர் ஜெய்மி லோ தம் வாழ்வை வெளிப்படையாக எழுதியுள்ளார். 1993இல் பதினாறு வயதில் அவருக்கு லித்தியம் தொடங்கினர். நலமாகிவிட்டோம் என்று இடையில் குறைத்து நிறுத்திப் பார்த்தார். நோய் முழு வேகத்தோடு திரும்பியது. மீண்டும் லித்தியத்தால் நிலைபெற்றார். ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குப் பின், 2014இல், சிறுநீரகம் பழுதுற்றமை தெரிந்தது. தம்மைக் காத்த மருந்தைப் பிரிவது அவருக்கு ஓர் உறவைப் பிரிவது போலவே இருந்தது. மருத்துவர் துணையோடு வேறு மருந்துக்கு மாறினார். 2017இல் இவ்வரலாற்றை நூலாகவும் வெளியிட்டார்.

அவரைப்போலவே எல்லார்க்கும் முடியும் என்பதில்லை. சிலர்க்கு அளவைக் குறைத்தாலே சிறுநீரகம் நின்றுகொள்ளும். சிலர்க்கு வால்ப்ரோயேட்டு, லாமோட்ரிஜின், குவெட்டியாபின் போன்ற மாற்று மருந்துகள் பொருந்தும். வால்ப்ரோயேட்டு மகப்பேற்று வயதுப் பெண்களுக்கு ஏற்றதன்று, கருவுக்குக் கேடு செய்வது. சிலர்க்கு எம்மாற்றும் பயன்படாது. அவர்கள் குன்றிய சிறுநீரகத்தோடு, குறைந்த அளவில், நெருங்கிய கண்காணிப்பில் லித்தியத்தையே தொடர்வதும் உண்டு. லித்தியம் உண்ணும் பெண் கருவுற்றாலோ கருவுற எண்ணினாலோ தானாக நிறுத்தாமல் முன்னரே மருத்துவரிடம் பேச வேண்டும். கருக்காலத்தில் லித்தியத்தின் அளவு இறங்கும், பேற்றுக்குப் பின் ஏறும். இம்முடிவுகளை மனநல மருத்துவரும் சிறுநீரக மருத்துவரும் கலந்து எடுக்க வேண்டும். இருவரையும் கலக்கச் செய்யும் பொறுப்பு, நம் நாட்டு நிலையில், பெரும்பாலும் நோயாளியின் தாயார் மேலேயே விழுகிறது. வடிதிறன் 60க்குக் கீழ் மூன்று திங்கள் நின்றாலும், எண் விரைந்து சரிந்தாலும், "சிறுநீரக மருத்துவரிடமும் காட்டலாமா?" என்று தயங்காமல் கேட்க.

இத்தகைய மருத்துவத்திற்கு நாம் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. சந்தாபுராவின் வழியே ஓடும் ஓசூர்ச் சாலையிலேயே, நகருக்குள், நிம்ஹான்ஸ் உளது. மைசூர் அரசின் பழைய மனநோய் மருத்துவமனையும் 1954இல் தோன்றிய அகில இந்திய மனநலக் கழகமும் 1974இல் இணைந்து உருவான நிறுவனம் அது. 2012இல் நாட்டுச் சிறப்புமிக்க நிறுவனமாக்கப்பட்டது. முன்னர் அரைநாள் கூலியைத் தின்ற போக்குவரத்து நெரிசலும், 2025 ஆகஸ்டில் பொம்மசந்திராவிலிருந்து மெட்ரோ ஓடத் தொடங்கிய பின் சிறிது தணிந்துள்ளது. ஒவ்வொரு சோதனைக்கும் அங்கேயே போக வேண்டுமென்பதுமில்லை. இங்கேயே நல்ல ஆய்வகத்தில் இரத்தம் கொடுத்து, எண்களைக் குறிப்பேட்டில் ஏற்றி, குறித்த நாளில் மருத்துவரிடம் காட்டலாம்.

ஊருக்குப் போகும்போது பதினைந்து நாள் மாத்திரையும் மருந்துச் சீட்டும் குறிப்பேடும் உடன் செல்லட்டும். ஒரு வேளை மறந்துவிட்டால் அடுத்த வேளை இரண்டாக உண்ணலாகாது. நீடித்து வெளியிடும் வகை மாத்திரையைப் பொடித்தோ மென்றோ உண்ணலாகாது. இரவில் மனம் கலங்கி எவரிடம் பேசுவதென்று தெரியாத வேளையில், நடுவணரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் தொலைபேசி உதவிக்கு 14416 என்ற எண்ணை அழைக்கலாம். கட்டணமில்லை, இரவும் பகலும் உண்டு, தமிழிலும் பேசலாம்.